கறுப்பு மூடியா, பழுப்பு மூடியா

நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம், எனக்கு நிச்சயித்த பெண் முதன்முதலாக என்னிடம் ஒன்று கேட்டாள். நகையோ புடவையோ இல்லை.

“ரிசப்ஷனுக்கு வர்றப்ப நல்லா ஸ்வீட்டா ஒரு சென்ட் போட்டுட்டு வாங்க” என்றாள் போனில். “சாயங்காலம் பூரா பக்கத்துல நிக்கணுமில்லீங்களா?”

“ஏங்க, இப்ப எப்படி இருக்குது?”

“தப்பா எடுத்துக்காதீங்க. நிச்சயத்தன்னைக்கு உங்க பக்கத்துல உக்காந்தப்ப, பெரியாஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு வாங்கிட்டு உக்காந்திருக்கற மாதிரியே இருந்துச்சு. எங்கக்கா கேட்டா, மாப்பிள்ளைக்குக் காலேஜ்ல வேலைன்னாங்களே, மெடிக்கல் காலேஜான்னு.”

நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். தருமபுரியில் ஒரு தனியார் கல்லூரி. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. என் மேல் வீசியது பிளீச்சிங் பவுடர். நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். வீட்டை ஒட்டினாற்போல நீளமாக ஒரு ஷெட். அதன் வாசலில் ஒரு தட்டு நிறைய பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் இருக்கும். அதில் கால் நனைத்து, பக்கத்து வாளியில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புழுவுக்கு நோய் வந்துவிடக் கூடாது. நோய்க்கு அடுத்தபடியாக அதற்கு ஆகாதது வாசனை. நல்ல வாசனை, கெட்ட வாசனை என்றெல்லாம் பட்டுப்புழு பாகுபாடு பார்க்காது. பழகிப்போன பிளீச்சிங் பவுடரைத் தவிர எல்லாவற்றையும் சமமாக வெறுக்கும். ஊதுபத்தி, முகப் பவுடர், மல்லிகைப்பூ, கொசுவர்த்தி, புகையிலை எதுவானாலும் தின்பதை நிறுத்திவிடும். தின்னாத புழு கூடு கட்டாது.

ஆகவே எங்கள் வீட்டுச் சாமிகள் ஊதுபத்தி கண்டதில்லை. மிளகாய் தாளிப்பதானால் அம்மா வெளியே வந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் கடாய் வைப்பாள். வாசலில் அப்பா இருப்பார். யார் வந்தாலும் பக்கத்தில் போய், வாங்க என்று சொல்லும் சாக்கில் ஒரு முறை மூச்சை இழுப்பார். எங்கள் ஊரில் பெண் எடுத்தவர்கள், பெண் கொடுத்தவர்கள், ஓட்டு கேட்டு வந்தவர்கள் எல்லோரும் அவரால் முகரப்பட்டவர்கள்தான். ஓட்டு கேட்டு வந்த ஒருவரை, “நீங்க அங்கியே நின்னு பேசுங்க, கேக்குது” என்று ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவனிடம்தான் சென்ட் கேட்டாள் அவள். அவள் கேட்ட முதல் காரியம். இதில் தவறிவிட்டால் பிற்பாடு எதைச் செய்து ஈடுகட்டுவது?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று வேண்டுமென்றால் நேராகக் கடைக்குப் போகமாட்டான், முதலில் அதைப் பற்றிப் படிப்பான். போனைத் திறந்து, ஆண்களுக்கான இனிப்பு வாசனை, மாலை நேரம் என்று தேடினேன். உலகத்தில் இவ்வளவு பேர் வேலையில்லாமல் இருப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு தம்பி, பின்னால் கண்ணாடி அலமாரி நிறைய பாட்டில்களை அடுக்கிவைத்துக்கொண்டு, “மக்களே, இது பகல்ல போடற சென்ட் கெடையாது. இது ராத்திரிக்கு. பகல்ல போட்டீங்கன்னா நீங்க சென்ட்ட அவமானப்படுத்துறீங்க” என்று எச்சரித்தான். முதல் பத்து நிமிடம் ஏலக்காயும் பட்டையும் வருமாம். அப்புறம் வெனிலா. கடைசியில், ஒரு பணக்காரரின் நூலகத்தில் தோல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருக்குமாம். எங்கள் கல்லூரி நூலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள்தாம். ஒன்றை முகர்ந்து பார்த்தேன். வியர்வை வாசம்தான் வந்தது.

டோங்கா பீன், ஆம்பர், ட்ரை டவுன், பிராஜெக்ஷன் என்று புதுப் பாடத்திட்டமே இருந்தது. பிராஜெக்ஷன் என்றால் நாம் வருவதற்கு முன் நம் வாசனை போய்ச் சேர்வது. அப்பா அதை வேறு மொழியில் சொல்வார்: “மேக்கால வூட்டுக்காரன் வர்றான் பாரு, பீடி முன்னாடி வருது.”

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் கடை. கடைக்காரர் வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பித்தான் போட்டிருந்தார். என் தேவையைச் சொன்னதும் ஒரு டாக்டரைப் போலத் தலையாட்டினார்.

“கல்யாணமா? ஈவினிங்கா? ஸ்வீட்டா?”

“ஆமாங்க.”

“பொண்ணு வீட்டுல சொன்னாங்களா, நீங்களா போடறீங்களா?”

“பொண்ணே சொன்னாங்க.”

“அப்ப சீரியஸ்” என்று மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தார். காகிதத் துண்டுகளில் அடித்து ஒவ்வொன்றாக நீட்டினார். இடையிடையே ஒரு டப்பாவிலிருந்த காப்பிக்கொட்டையை முகரச் சொன்னார். மூக்கைக் கழுவுவதற்காம். ஒன்று கறுப்பு மூடி, ஒன்று பழுப்பு மூடி, ஒன்று தங்க மூடி. மூன்றுமே கல்யாண வீட்டில் கேசரி அண்டாவைத் திறந்ததும் வருகிற வாசனைதான் எனக்கு.

“வித்தியாசம் தெரியுதுங்களா?”

“தெரியுதுங்க” என்றேன். படித்தவன் வேறென்ன சொல்வான்?

தங்க மூடியைப் பற்றி அவர், “இதுல தேன் தடவுன புகையில இருக்கும் பாருங்க” என்றார். கையை இழுத்துக்கொண்டேன். புழு ஷெட்டுக்குப் புகையிலைதான் முதல் எதிரி. பாட்டிலில் இருப்பது நிஜப் புகையிலை இல்லை, ஏதோ ரசாயனம்தான் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் ஒரு பட்டுப்புழுக்காரர் மகன் கழுத்தில் புகையிலை தடவிக்கொண்டு மணமேடை ஏறுவதா? தங்க மூடியை மட்டும் விலக்கினேன். மற்ற இரண்டையும் விலக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இரண்டிலும் சின்ன பாட்டிலாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், பிறகு முடிவு செய்யலாம் என்று.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. எங்கள் ஊர் நிறுத்தத்தில் நண்பன் ஒருவன் பேக்கரி வைத்திருக்கிறான். என்னோடு ஒன்பதாவது வரை படித்தவன். அவனுடைய கல்லாப்பெட்டிக்குக் கீழே பாட்டில்களை வைத்தேன். தினமும் காலையில் பஸ்ஸுக்கு முன் இடது கையில் கறுப்பு மூடி, வலது கையில் பழுப்பு மூடி.

“மோந்து பாருடா” என்று இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினேன்.

“மாப்ள, நான் பன் சுடறவன். காலைல நாலு மணியிலேர்ந்து எனக்கு உலகமே வெனிலாதான். எங்கிட்ட போயி கேக்கற பாரு.”

“சும்மா சொல்லுடா.”

இடது கை, வலது கை, மறுபடி இடது கை என்று அவன் உண்மையாகவே முயன்றான். பிறகு, “இது ரெண்டு நாள் முன்னாடி போட்ட கேக்கு. இது நேத்து போட்டது” என்றான்.

“எது நல்லா இருக்குது?”

“கேக்குன்னா நேத்து போட்டது. மாப்பிள்ளன்னா எனக்கென்னடா தெரியும்? பொம்பளைங்க யாரையாச்சும் கேளு.”

யாரைக் கேட்பது? கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குள் நுழைந்தபோது முதல் பெஞ்சு மாணவி எழுந்து, “சார், ஹேப்பி பர்த்டே சார்” என்றாள். இன்று எனக்குப் பிறந்தநாள் இல்லை என்றேன். “கேக் வாசம் வந்துச்சு சார்” என்று உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியர் அறையில் துறைத்தலைவர் ஒவ்வொரு மேசையாகக் குனிந்து பார்த்தார். “யாருப்பா கேக்க ஒளிச்சு வச்சிருக்கறது? குடுத்துச் சாப்பிடுங்க” என்றார். எந்தக் கையிலிருந்து வாசம் வந்தது என்று அவரைக் கேட்டிருக்கலாம். என் மரியாதை இடம் கொடுக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பேக்கரியின் பின்பக்கக் குழாயில் பாத்திரம் கழுவும் சோப்பால் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவேன். அப்படியும் அப்பா வாசலில் மூச்சை இழுத்தார்.

“கேக்கு சாப்பிட்டியா?”

“பேக்கரில உக்காந்திருந்தேம்ப்பா.”

“கல்யாணம் வரைக்கும் அந்தப் பக்கம் உக்காராத. வேணும்னா இங்க வாங்கியாந்து ரோட்டுல நின்னு தின்னுட்டு வா.”

அம்மா எனக்காகப் பேசினாள். “புள்ள ஆசப்பட்டு ஒரு கேக்கு திங்கறான். அதையும் மோந்து பாக்கணுமா?”

ராத்திரி போனில் அவள் கேட்பாள்: “வாங்கிட்டீங்களா?”

“வாங்கிட்டேங்க. எதுன்னு முடிவு பண்ணணும்.”

“எத்தன வாங்கினீங்க?”

“ரெண்டுதான்.”

“ரெண்டுல ஒண்ணு எடுக்க மார்கழி பூராவா?” என்று சிரித்தாள். அதில் கொஞ்சம் கவலையும் இருந்தது. இரண்டு புடவை காட்டினால் இவன் என்ன செய்வான் என்று யோசித்திருப்பாள்.

உண்மையில் நான் அதற்குள் நிபுணனாகிவிட்டிருந்தேன். கறுப்பு மூடியில் வெனிலா முதலில் வந்து பட்டை பின்னால் வரும். பழுப்பு மூடியில் பட்டை முதலில் வந்து வெனிலா பின்னால் வரும். பஸ் தருமபுரியைத் தொடும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். எது முதலில் வந்தால் அவளுக்குப் பிடிக்கும் என்பதுதான் என் கேள்வி. இதற்குச் சரியான விடை ஒன்று இருக்கிறது, உழைத்தால் கிடைக்கும் என்று நான் மனமார நம்பினேன். உழைத்தால் கிடைக்கும் என்று சொல்லித்தானே என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

கல்யாணம் தை மாதம். அதற்குள் புழு கூடு கட்டி, கூட்டை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. அந்த வருடம் பனி கணக்கைக் கெடுத்தது. குளிரில் புழு மந்தமாகிவிடும், வளர நாள் பிடிக்கும். ஷெட்டில் கரி அடுப்பு வைத்தும் பின்தங்கிவிட்டது. கல்யாண நாளும் புழு கடைசிப் பருவத்தில் பேய்த்தீனி தின்னும் நாளும் ஒன்றாகவே வந்தன. அந்த நாட்களில் காலையும் மாலையும் எலை தவறக் கூடாது. வெட்டிய மல்பெரிக் குச்சிகளை இலையோடு அடுக்கடுக்காகப் பரப்ப வேண்டும். ஒரு வேளை தவறினாலும் அந்த முறை வளர்த்ததே வீண்.

சித்தப்பா நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: “நீங்க எல்லாம் மண்டபத்துக்குப் போங்க. ரெண்டு நாளும் எலைய நான் பாத்துக்கறேன்.”

மண்டபம் கம்பைநல்லூரில். எங்கள் ஊரிலிருந்து பைக்கில் கொஞ்ச தூரம்தான். ரிசப்ஷன் அன்று மத்தியானமே நான் போய் மாடி அறையில் உட்கார்ந்துவிட்டேன். வாடகைக் கோட்டின் இடது பையில் கறுப்பு மூடி, வலது பையில் பழுப்பு மூடி. மேடை ஏறும்வரை நேரம் இருக்கிறது. அவசரப்பட்டால் தவறாகிவிடும்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். புதுச் சட்டை பன்னீரில் நனைந்திருந்தது. நெற்றியிலும் கையிலும் சந்தனம். அவருக்குப் பின்னால் சித்தப்பா, கழுத்துவரை பவுடர், காதில் பூ.

“ஊரே வேன்ல ஏறுதுண்ணா. நான் ஒருத்தன் மட்டும் எப்பிடி நிக்கறது?” என்றார் சித்தப்பா. “யாராச்சும் இருப்பாங்கன்னு நெனைச்சேன்.”

“யாருடா இருப்பாங்க? நான் இருப்பனா, மாப்பிள்ளைக்கு அப்பன்?” அப்பா என் பக்கம் திரும்பினார். “எலை போடலடா. வெட்டி வச்ச எலை அப்பிடியே கெடக்குது.”

பெண் வீட்டார் வேன் வந்துகொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் வாசலில் நின்று அழைக்காமல் எங்கும் போக முடியாது. போனாலும் பயனில்லை, பன்னீரும் சந்தனமும் சட்டைக்குள் இறங்கிவிட்டன. அப்பா வராந்தாவில் இருந்த எங்கள் ஆட்களை ஒவ்வொருவராக முகர்ந்துகொண்டு போனார். அம்மா, அத்தை தலையில் மல்லிகை. பங்காளிகள் மேல் ரோஜாப்பூ, ஜவ்வாது, தலைக்கு மை, ஒருவர் மேல் வேறு ஏதோ பாட்டில். வருடத்துக்கு ஒரு தரம் வாசனை போட்டுக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தவர்கள், ஒருவரும் அதைத் தவறவிடவில்லை. கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். கழுத்தருகே மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். அவர் முகம் தெளிந்தது.

“உம்மேல ஒண்ணுமே இல்ல!”

எனக்கு நலுங்கு மறுநாள் காலையில்தான். பன்னீர்ச் செம்பு வைப்பதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டேன். சென்ட்டை இன்னும் முடிவு செய்யவில்லை. அன்று மாலை அந்த மண்டபத்தில் வாசனையில்லாத ஆள் மாப்பிள்ளை மட்டும்தான்.

அத்தை குறுக்கே நின்றாள். “மாப்பிள்ள மண்டபத்த வுட்டுப் போவக் கூடாதுடா. யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க?”

“காப்பு இன்னும் கட்டல. போலாம். பின்னாடி வழியா போ” என்றார் அப்பா. “இந்த வேளைய போட்டுட்டு வந்துரு. காலைலயும் முகூர்த்தத்துக்கு முன்னாடி நீயே போயிட்டு வந்துட்டீன்னா தப்பிச்சோம்.”

கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு சமையல்கட்டு வழியாகப் போனேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு. ஷெட்டில் கால் நனைத்து, கை கழுவி, எல்லா அடுக்கிலும் எலை போட்டேன். புழுக்கள் தாமதத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் தின்னத் தொடங்கின. அங்கே அதற்கு மேல் நிற்க நேரமில்லை.

திரும்பி வந்து கோட்டை மாட்டிக்கொண்டு நான் மேடை ஏறியபோது அவள் தனியாக நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றதும், சிரிப்பைக் கலைக்காமல் பல்லிடுக்கில் கேட்டாள்.

“எங்க போனீங்க? எங்க சித்தி மாப்பிள்ள ஓடிட்டாரான்னு கேட்டுட்டாங்க.”

“எலை போட.”

“இன்னைக்கா?”

“இன்னைக்கு ரிசப்ஷன்னு புழுவுக்குத் தெரியாதுங்களே.”

“சார், மேடம் பக்கம் கொஞ்சம் சாயுங்க” என்றான் போட்டோக்காரன். சாய்ந்தேன். அவள் மூச்சை இழுத்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது.

“ஆஸ்பத்திரி” என்றாள். “நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுங்க.”

அன்று மாலை எனக்குச் சுருக்கென்று தைத்த வார்த்தை அதுதான். இரண்டு பைகளிலும் கைவிட்டு இரண்டு பாட்டில்களையும் எடுத்து நீட்டினேன். “வாங்கித்தான் வச்சிருக்கறேன். எது போடறதுன்னு...”

மொய்க் கவரோடு ஏறி வந்த ஒரு பெரியவரைக் காக்கவைத்துவிட்டு, அலங்காரப் பூத்தட்டியின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதானேங்க?”

“இல்லீங்க. கறுப்புல வெனிலா முன்னாடி வரும், பட்டை பின்னாடி. பழுப்புல பட்டை முன்னாடி.”

“இதத்தான் மார்கழி பூரா பாத்தீங்களா?”

“ஆமாங்க.”

போட்டோவுக்காக இல்லாமல் சிரித்தாள், தோள் குலுங்க. போட்டோக்காரன் அப்போது லைட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். “திரும்புங்க” என்று கழுத்தின் ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் பழுப்பு என்று தாராளமாக அடித்தாள். கிட்ட வந்து முகர்ந்தாள். “ம். இப்பத்தான் மாப்பிள்ள.”

“அம்மா, வேணாம்மா!” என்று அப்பா மேடைப்படியில் ஏறி வந்தபோது காரியம் முடிந்திருந்தது. பாதியில் நின்றார். வாசனை அங்கேயே அவரை எட்டிவிட்டது. “போச்சு. காலைல எலைக்கு இவன நம்பித்தாம்மா இருந்தேன்.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புழுவும் வாசனையும் ஆகாது என்று அவசரமாகச் சொன்னேன். கையிலிருந்த பாட்டிலையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவர் கவரோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“மாமா, எங்கப்பாவ கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

“சம்பந்தியவா? ஐயோ, கல்யாணத்தன்னைக்கு எலை சொமக்கறதுக்கா?”

“அவருக்கு வாசனைன்னாலே தும்மலுங்க மாமா. பவுடர் கூட போடமாட்டாரு. வாசல்ல பன்னீர் தெளிக்க வந்தப்ப கூட வுடலீங்க. அதுக்கே எங்கம்மா மூஞ்சத் தூக்கி வச்சிருக்காங்க. இந்தக் கூட்டத்த வுட்டு வெளிய போலாம்னா இப்பவே வருவாரு.”

அப்பா கீழே இறங்கிப் போவதை மேடையிலிருந்து பார்த்தோம். முதல் வரிசையில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். என் அப்பா கை கூப்பினார், குனிந்து ஏதோ சொன்னார். மாமனார் உடனே எழுந்துவிட்டார். சொல்லை மட்டும் நம்புகிற ஆள் இல்லை என் அப்பா. பெண் வீட்டுச் சனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, சம்பந்தியின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு, கழுத்தின் இடது பக்கம் ஒரு மூச்சு, வலது பக்கம் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். என் மாமனார் அப்பாவின் சந்தனத்துக்குப் பெரிதாக ஒரு தும்மல் தும்மினார்.

போட்டோக்காரன் மேடையை விட்டுவிட்டு ஓடி அதை எடுத்தான். ஆல்பத்தில் அதற்கு முழுப் பக்கம். சம்பந்திகள் கட்டித் தழுவிக் கண் கலங்கி நிற்கும் படம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.